உரியவர் வரும்வரை

எங்கள் பஸ் டிப்போவில் கவுன்ட்டரக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற சாமான் எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். குடை, ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா, ஊன்றுகோல். ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. பல்லைக்கூடவா மறந்துவிட்டு இறங்குவார்கள் என்று நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "பாவம்டி, மனுஷன் இன்னிக்கு எதை வச்சு மெல்லுவாரு?" என்று அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

நான் பக்கத்து அறையில் டைம் கீப்பர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அந்தக் கவுன்ட்டரில் அவள் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. தொலைத்தவர்கள் அவர்கள், கோபம் மட்டும் இவள் மேல். பொருள் கிடைத்துவிட்டால் நன்றி சொல்ல வாய் வராது. ஏதாவது குறைகிறதா என்று அவள் கண் முன்னாலேயே பையைக் குடைந்து பார்ப்பார்கள். அவள் பொறுமையாகப் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்குவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அவளும் தம்பியும்தான் இருந்தார்கள். தம்பிக்குக் கல்யாணம் செய்து தனிக்குடித்தனம் வைத்த பிறகு அவள் மட்டும். வேலை முடிந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மனசு வராமல் கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நாய்க் காப்பகத்துக்கு அழைத்துப் போனான்.

"பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் வேணாமாக்கா?"

"பேசறதுக்கா? நாள் முழுக்கப் பேசித்தான் தொண்டை கட்டிக்கிட்டுக் கிடக்கு. பேசாத ஜீவனா இருந்தா சொல்லு, வரேன்."

காப்பகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் குட்டிகளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். மூலைக் கூண்டில், மூஞ்சி நரைத்த ஒரு பழுப்பு நாய் யாரையும் லட்சியம் செய்யாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. "இவன் பழைய ஆளும்மா" என்றாள் அங்கே கூண்டு கழுவுகிற பெண். "ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு இருந்தான். கழுத்துல பட்டை இருந்துச்சு. வயசானதுன்னு யாரும் கேக்கறதில்ல."

அந்தக் கழுத்துப் பட்டைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பட்டை இருந்தால் வளர்த்தவர் இருக்கிறார். வளர்த்தவர் இருந்தால் தேடிக்கொண்டிருப்பார். வேலை பார்த்துப் பார்த்து அவள் புத்தி அப்படித்தான் ஓடும். "அவங்க வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டாள்.

பெயர் என்னவென்று தெரியாததால் துரை என்றாள். அவன் நடப்பும் அப்படித்தான் இருந்தது. தட்டை வைத்துவிட்டு அவள் நகர்ந்தால் சாப்பிட மாட்டான், பக்கத்தில் உட்கார வேண்டும். காலையில் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் ஒரு கண்ணைத் திறப்பான். "துரைக்கு இப்பத்தான் பொழுது விடிஞ்சுதா?" என்று கேட்டபடியே அவனுக்குப் பால் காய்ச்சுவாள். கேன்டீன் டீ நின்றது. வேலை முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீங்கின காலோடு ஓட்டமும் நடையுமாகப் போவாள். அந்த வீட்டில் அவளுக்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு உயிர் நின்றது அப்போதுதான்.

ஆனால் அவன் நின்றது அவளுக்காக இல்லை. அதையும் அவளே என்னிடம் சொன்னாள். "கதவைத் திறந்தா மொதல்ல எனக்குப் பின்னாடி எட்டிப் பாப்பான்டி. வேற யாராவது வராங்களான்னு. இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு வாலாட்டுவான். மரியாதைக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வயசுக்கு மேல், ஒரு நாயிடம் போய் இரண்டாம்பட்சமாக இருக்க வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் அவள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். வழக்கமாக நடக்கிற வழி அடைபட்டதால் துரையை ரயில் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் வந்ததும், அதுவரை சோம்பி நடந்தவன் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் கேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து வந்த வாட்ச்மேன், "அட, ரெண்டாவது மாடி நாய் மாதிரில்ல இருக்கு! காணாமப் போச்சுன்னு சொன்னாங்களே" என்றான்.

மறுநாள் கண் சிவந்து வேலைக்கு வந்தாள்.

"உரியவங்க கிடைச்சுட்டாங்கடி."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, ஒப்படைக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? அவன் என்ன, பஸ்ல விட்டுட்டுப் போன குடையா? இத்தனை மாசத்துல தேடினாங்களா? ஒரு போஸ்டராவது ஒட்டினாங்களா?"

"எல்லாருக்கும் தேடத் தெரியுமாடி? நம்ம கவுன்ட்டர் ஒண்ணு இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது." மேஜையைத் துடைத்தாள். "அவன் இல்லாம எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை வச்சுத்தான் சொல்றேன். அவங்களுக்கும் அப்படித்தான இருக்கும்?"

லீவு நாளாகப் பார்த்து, துரையைக் குளிப்பாட்டிச் சீவி அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

படிக்கட்டில் துரை அவளை இழுத்த இழுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவது மாடியில் அவளைக் கேட்காமலே ஒரு கதவின் முன்னால் நின்று முனக ஆரம்பித்தான். அப்படி ஒரு சத்தம் அவனிடமிருந்து நான் கேட்டதே இல்லை. மணி அடித்தோம். லுங்கியும் பனியனுமாக, எங்கள் வயதுதான் இருக்கும், ஒருவர் கதவைத் திறந்தார்.

துரை பாய்ந்து அவர் இடுப்பில் முன்னங்கால்களைப் போட்டு நின்றான். உடம்பு முழுக்க நடுங்கியது. அவர் கை தன்னால் எழுந்து, அவன் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது. அடுத்த நொடி கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"யாருங்க நீங்க? இது எங்க நாய் இல்லையே."

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் அக்கா. "கொஞ்சம் இளைச்சிருக்கான். மூஞ்சி நரைச்சிருக்கு. அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல."

"எங்ககிட்ட நாயே கிடையாதுங்க."

அக்கா விழித்தாள். தன்னுடையது அல்லாததைத் தன்னுடையது என்று சாதிக்கிறவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களை ஒரே கேள்வியில் மடக்கிவிடுவாள். தன்னுடையதை இல்லை என்கிறவர்களை அவளுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் எதற்காக அவள் கவுன்ட்டருக்கு வரப் போகிறார்கள்?

எனக்குப் புரிந்துவிட்டது. "சார், கீழ வாட்ச்மேன் சொல்லித்தான் வந்தோம்" என்றேன்.

அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல படுத்த படுக்கையா ஒரு ஆள் இருக்காங்கம்மா. இதுக்கும் வயசாயிடுச்சு. யாராவது நல்லவங்க எடுத்துப்பாங்கன்னுதான் ரோட்டோரமாக் கொண்டு போய் விட்டேன். பட்டையைக்கூட கழட்டல." துரை அவர் காலை நக்கிக்கொண்டிருந்தான். "உங்ககிட்ட நல்லாத்தான இருக்கு? அப்புறம் ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க?"

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

துரை மிதியடியில் படுத்து, கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டான். கூப்பிட்டோம், இழுத்தோம். அசையவில்லை. அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முகம் இருண்டு கிடந்தது.

"எனக்குச் சொல்லிட்டாரு, புரிஞ்சிடுச்சு. இவனுக்கு யாருடி சொல்றது?"

கடைசியில் எழுந்து, என்னைத் தொடக்கூட விடாமல், அவனை அள்ளித் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். கனமான நாய். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி இறங்கினாள். அவன் அவள் தோளுக்கு மேலாக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்தத் திசையில் இனி அவள் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். தெருவில் பள்ளத்தையும் மூடிவிட்டார்கள். ஆனால் துரை சாயந்தரமானால் மேம்பாலத்துப் பக்கம்தான் இழுத்தான். அவளும் போனாள். நாள் முழுக்கக் கவுன்ட்டரில் நின்றுவிட்டு, மறுபடி போய் இன்னொருத்தர் கேட்டுக்கு எதிரில் நிற்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போடவே ஒரு நாள் அங்கே போனேன்.

"கொஞ்சமாவது ரோஷம் வேணாமாக்கா? அந்த ஆளு வாசல்ல எதுக்கு நிக்கறீங்க?"

அவள் நடைபாதைச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றி, வீங்கின காலை மற்றொரு காலின் மேல் வைத்திருந்தாள். துரை கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"நான் கூட்டிட்டு வராட்டியும் வீட்ல கதவைப் பாத்துக்கிட்டுத்தான் கெடப்பான். எப்படியும் காத்திருக்கத்தான் போறான். தனியாக் காத்திருக்க வேணாம்னு பாக்கறேன்."

அப்போது இரண்டாவது மாடி பால்கனிக்கு அவர் வந்தார், காய்ந்த துணியை எடுக்க. துரை துள்ளி எழுந்தான். வாலோடு சேர்ந்து முதுகும் ஆடியது. அவர் கீழே பார்த்தார். நன்றாகவே பார்த்தார். துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார்.

என் வாயில் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. கத்தப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு துரையின் பக்கத்தில் மெல்லக் குனிந்தாள். அவன் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுடா, துரை" என்றாள். "வா, நாளைக்குப் பார்ப்போம்."