முந்திக் கொண்டுபோன கோடி

அக்காவைப் பற்றி எழுதும் தகுதி இந்த வீட்டில் என் மனைவிக்குத்தான் உண்டு. நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன். "நீங்களே எழுதுங்க. பதறுனது நீங்கதானுங்களே" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆகவே, அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் பங்காளிகளே, மாமன் மச்சான்மாரே, மலையிறங்கி ஏலப்பாறையிலிருந்து வந்திருக்கும் நல்ல மனிதர்களே, உங்கள் கையில் இருப்பது பதறியவன் எழுதிய கட்டுரை. பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது கேரள எல்லையோரக் கோவிந்தாபுரம் பக்கத்தில், வானம் பார்த்த எங்கள் நாலு ஏக்கர்க் காட்டை ஒட்டிய இதே வீட்டில்தான். எனக்கு ஏழு வயது மூத்தவர். நான் பிறந்து அழுத அழுகையைக் கேட்டு, "இவனுக்கு என்னமோ பயமாட்ட இருக்குது" என்றாராம். அன்றைக்குச் சொன்னது இன்றுவரை பொய்யாகவில்லை.

நாலாம் வகுப்பு வரை படித்தார். எழுதவும் படிக்கவும் அது போதுமானதாக இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குக் காடு தோட்டம் கிடையாது. ஏலப்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. "மண்ணில்லாத மாப்பிள்ளைக்கா புள்ளையைக் குடுக்கறது?" என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் இருவர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வணக்கம்.

அக்காவும் கொழுந்து எடுக்கப் போனார். பிள்ளை இல்லை. மாமா நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். ஊருக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். "அங்க வந்து உங்கூட உக்காந்து மானத்தைப் பாக்கறதுக்கா? இங்க மழை பேஞ்சாலுஞ் சம்பளம், பேயாட்டியுஞ் சம்பளம்" என்றார். அந்தப் பேச்சின் அருமை எனக்குப் புரிய ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

எழுபதாம் வருஷத்தை ஒட்டி எங்கள் அப்பா காலமானார். காரியத்துக்கு வந்த அக்கா பதினாறு நாள் தங்கினார். எங்கள் பிழைப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தார். ஆடி, ஆவணியில் எங்கள் அரிசிப் பானையைத் தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம் வரும். சரியாக அப்போது சந்தை வியாபாரி ஒருவர் வந்து நிற்பார். காட்டில் நிலக்கடலை அப்போதுதான் விழுது இறக்கியிருக்கும். மண்ணுக்குள் என்ன காய்க்கப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாதி விலை சொல்வார். நான் தலையை ஆட்டிவிடுவேன். அதே கடலை தை மாதத்தில் பொள்ளாச்சியில் என்ன விலைக்குப் போகிறது என்பதை பஸ்ஸில் யாராவது பேசக் கேட்டு வயிறெரிவேன்.

காரியம் முடிந்த அன்று அக்கா கேட்டார்: "ஏண்டா, ஊட்டுச் செலவுக்கு மாசம் எவ்வளவு குறையுது?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க்கா. எப்பிடியோ சமாளிச்சுக்கறேனுங்."

"உன்னைக் கேக்கலை. நீ சொல்லு புள்ள" என்று என் மனைவி பக்கம் திரும்பினார்.

"இருவத்தஞ்சு ரூவா இருந்தா அடுப்பு அணையாதுங்க நங்கை" என்று நாத்தனாருக்குப் பதில் சொன்னார் என் மனைவி, யோசிக்காமல்.

"மாசாமாசம் வரும். ஆனா ஒன்னு. கடலை மண்ணுக்குள்ள இருக்கையில எவனுக்கும் விக்கக் கூடாது. நான் செத்தாலுஞ் செரி, விக்கக் கூடாது."

"என்னுங்க்கா, நல்ல நாளும் அதுவுமா" என்றேன். காரியம் நடந்த நாள் எப்படி நல்ல நாளாகும் என்று அக்கா கேட்கவில்லை. எனக்கு அதற்குள் வியர்த்துவிட்டது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி மணியார்டர் வந்தது. அதன் ஓரத்தில் கிழித்துக்கொடுக்கும் சின்னத் துண்டில் அக்காவின் நாலாம் வகுப்புக் கையெழுத்து: "நலம். பதறாதே." அதற்கடுத்த மாதமும் அதேதான். எங்கள் தபால்காரர் மலையாளி. தமிழ் படிக்கத் தெரியாது. "எல்லா மாசவும் ஒரே எழுத்தாணல்லோ, எந்தா இது?" என்று ஒருநாள் கேட்டார். மருந்துச் சீட்டு என்றேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து ரூபாய்க்கு எருமை வராது, கிணறு ஆழமாகாது. அது அரிசிக்கும் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விடும். ஆனால் பத்தாம் தேதி அது வந்துவிடும் என்று தெரிந்த பிறகு, வியாபாரி வந்து நின்றபோது "இப்ப இல்லீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. என் ஆயுளில் நான் சொன்ன முதல் 'இல்லை' அது. சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போய் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் கடலையைப் பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டித் தை வரைக்கும் வைத்திருந்து விற்றோம். கூடுதலாக வந்ததில் ஒரு எருமை வாங்கினோம். பாலை செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்கு என் மனைவி ஊற்றினார். அடுத்த வருஷம் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் இறக்கினோம். மகளின் படிப்பை நிறுத்துவதாக இருந்தோம். அப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. நான்தான் இத்தனையும் செய்தேன் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் ஒரு புரட்டாசியில் பத்தாம் தேதி பணம் வரவில்லை. பன்னிரண்டு, பதினாலு, பதினாறு. தபால்காரர் சைக்கிள் தெரியும் முன்பே ரோட்டில் போய் நிற்பேன். "ஒன்னும் இல்ல கேட்டோ" என்பார். பதினெட்டாம் தேதி காலையில் நான் அக்காவைச் சாகடித்துவிட்டேன். உயிரோடிருந்தால் அனுப்பியிருப்பார், அனுப்பவில்லை, ஆகவே இல்லை. இதில் என்ன பிழை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு தந்தி குடுத்துப் பாக்கலாமுங்க" என்றார் என் மனைவி.

"யாருக்குக் குடுக்கறது? செத்தவங்களுக்கா?"

"நங்கைக்கு ஒன்னும் ஆயிருக்காதுங்க. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் பால் ஊற்றப் போனார்.

அந்த நேரம் பார்த்து வியாபாரி சைக்கிளில் வந்தார். வழிச் செலவு, அடக்கச் செலவு, காரியச் செலவு எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. கடலை மண்ணுக்குள் இருந்தது. அவர் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டி, முன்பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

பெண்பிள்ளை இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். கோடியில்லாமல் போனால் தம்பி என்று சொல்லிக்கொள்ள முடியாது. பொள்ளாச்சியில் இறங்கி ஒரு ஜவுளிக்கடையில் ஏறினேன். "யாருக்குங்க?" என்றார் கடைக்காரர். "அக்காவுக்குங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சீர் செய்ய வந்த தம்பி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கத்திரிப்பூ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்து, "அக்கா மனசு குளுந்துருமுங்க" என்று கட்டிக்கொடுத்தார். நான் அழுததைப் பார்த்துப் பத்துப் பைசா குறைத்துக்கொண்டார்.

பழனி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறி, மறுநாள் முற்பகலில் ஏலப்பாறைத் தோட்டத்தில் அக்கா குடியிருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்தேன். கூட்டம் இல்லை. பந்தல் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழ ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அம்மாள் வெளியே வந்தார்.

"யாருய்யா நீங்க? எதுக்கு இப்படி அழுவுறீக?"

"அக்காவை எப்பங்க எடுத்தாங்க?"

"எடுத்தாகளா? அவுக கொழுந்து எடுக்கல்ல போயிருக்காக! அந்தா வாராக பாருங்க."

மேட்டிலிருந்து அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். முதுகில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் கட்டிய படுதா. என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த ஜவுளிக்கடைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"கோடிங்க்கா."

"யாருக்குடா?"

நான் அவரையே பார்த்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சாக்கை இறக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், லயத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டது. "ஏ, செல்லத்தாயி! எந்தம்பி எனக்குக் கோடி கொண்டாந்திருக்கறான்! அதுவுங் கத்திரிப்பூக் கலர்ல! முண்டச்சி பொணத்துக்கு இந்தக் கலரை எவண்டா எடுப்பான்?"

பணம் வராத காரணத்தை உள்ளே போனதும் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் ஒரு புதுக் கம்பளி மடித்துக் கிடந்தது.

"காச்சல் வந்து கெடந்தேன். கம்பளி போத்திப் படுன்னு டிஸ்பென்சரியில சொன்னாங்க. இந்த மாசம் எனக்குன்னு ஒன்னு வாங்கிட்டேன் சாமி. கார்டு போட்டிருக்கறேனே, வரலையா?"

அதன் அடியில் அதுவரை போர்த்திக்கொண்டிருந்ததும் கிடந்தது. பழைய வெள்ளைச் சேலைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது. ஏலப்பாறை மழையில் மூன்று வருஷம் அக்கா அதைப் போர்த்திக்கொண்டுதான் எங்கள் அடுப்பை எரித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"செரி, கோடிக்குக் காசு ஏது?" என்றார்.

சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் செத்தாலுஞ் செரி விக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நான் செத்துட்டேன்னு நெனைச்சியல்ல? அப்பத்தாண்டா விக்கக் கூடாது. நான் இருக்கையில வித்தாக்கூட அடுத்த மாசம் பணம் வரும். நான் போனதுக்கப்புறம் உனக்கு என்ன வரும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அக்காவே கோபத்தை இறக்கி வைத்தார். சோறு போட்டார். கோடியைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றேன், விடவில்லை. கட்டிக்கொள்ளுங்கள் என்றேன், அதற்கும் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். நெசமாப் போறன்னிக்கு நீ மறுக்கா கடலையை விப்பே" என்று தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் வியாபாரியிடம் எந்த முகத்தோடு பேசுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் என் மனைவி ஒரு கார்டை நீட்டினார். நான் போன அன்றைக்கே மத்தியானம் வந்ததாம். "இந்த மாதம் பணம் இல்லை. கம்பளி வாங்கினேன். அடுத்த மாதம் வரும். பதறாதே."

"வியாபாரி…" என்று ஆரம்பித்தேன்.

"நேத்தே கடலைக்காடு பாக்க வந்தாருங்க. அவரு முன்பணத்தைக் குடுத்தனுப்பிட்டேன். எங்கூட்டுக்காரர் பதறிப்போய் வாங்கிட்டாருங்க, கடலை இப்பக் குடுக்கறதில்லைன்னு சொன்னேன்."

"அவ்வளவு பணம் உனக்கு ஏது?"

"எருமை எதுக்குங்க இருக்குது?"

பால் காசில் மூன்று வருஷமாக ஒரு மாவு டப்பாவில் அவர் போட்டு வைத்திருந்திருக்கிறார். ஒரு மாதம் பணம் வராமல் போனாலும் விழாத வீடாக எங்கள் வீடு எப்போதோ ஆகிவிட்டிருந்தது. அது அக்காவுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், ஏன், எருமைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பிறகு அக்கா வேலையிலிருந்து நின்று, செல்லத்தாயி அம்மாளோடு தங்கிக்கொண்டார். அப்போது எங்கள் மகள் பாலக்காட்டுச் சித்தூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இனி பணம் நம் பக்கமிருந்துதான் போக வேண்டும் என்று என் மனைவி சொல்ல, நான் மாதாமாதம் மணியார்டர் அனுப்பினேன். ஒரு மாதம் மறந்துபோய் எட்டு நாள் தள்ளி அனுப்பினேன். அதற்குள் அக்காவிடமிருந்து கார்டு வந்துவிட்டது: "பணம் வரவில்லை. உனக்குக் கோடி வேட்டி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்." வீடே இரண்டு நாள் சிரித்தது.

சென்ற வருஷம், மறுபடியும் புரட்டாசி. காட்டில் இருந்தேன். தந்தி வந்தது. இந்தத் தடவை அதை நம்ப முடியவில்லை; இங்கிலீஷில் இருந்ததை மகளிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். துக்கம் கேட்க வந்தவர்களில் அந்த வியாபாரியும் இருந்தார். நல்ல மனதோடுதான் கேட்டார்: "போக்குவரத்துச் செலவுக்கு ஏதாச்சும் வேணுங்களா? கடலை இருக்குதுங்களே…"

"இப்ப இல்லீங்க" என்றேன். தண்ணீர் குடிக்க உள்ளே போகவில்லை.

மனைவி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் ஓடினேன். அவரும் மகளும் அடுத்த பஸ்ஸில் வந்தார்கள். பொள்ளாச்சியில் இறங்கினேன், அடுத்த பஸ்ஸில் ஏறினேன், ஜவுளிக்கடை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில்லை. ஏலப்பாறையில், "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோதுதான் என் கைகளைப் பார்த்தேன். வெறுங்கை.

செல்லத்தாயி அம்மாள் தகரப் பெட்டியைத் திறந்தார். "அக்கா சொல்லிட்டுத்தான் போயிருக்காக. 'எந்தம்பி பதறியடிச்சு வெறுங்கையோட வருவான், யாரும் ஒன்னுஞ் சொல்லிராதீக, கோடி பொட்டியில இருக்கு, அவன் கையில குடுங்க'ன்னு."

கடைக்காரர் மடித்த மடிப்பு கலையவில்லை. "இந்தக் கலரையா போத்துறது? வெள்ளைல்ல போத்தணும்" என்று யாரோ சொன்னார்கள். "அவங்க எடுத்து வெச்சதுங்க" என்றேன். கத்திரிப்பூச் சேலையை நான்தான் போர்த்தினேன். அந்த நிறம் அக்காவுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

கடைசிக் காய்ச்சலில் இருபது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்த செல்லத்தாயி அம்மாளுக்கு நாங்கள் என்ன செய்தாலும் ஈடாகாது. அக்காவின் கம்பளியை அவரிடமே கொடுத்திருக்கிறோம். சுமந்த தோள்களுக்கும், உடன் நின்ற லயத்து மக்களுக்கும், மழையிலும் வெயிலிலும் சைக்கிளை மிதித்து வந்த தபால்காரருக்கும், அன்று பத்துப் பைசா குறைத்த பொள்ளாச்சிக் கடைக்காரருக்கும், இத்தனை வருஷமாக என்னைத் தாங்கும் என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். இந்த வருஷக் கடலை நன்றாகப் படர்ந்திருக்கிறது. போன வாரம்கூட ஆள் வந்து கேட்டார்கள்.

மண்ணுக்குள்ளயேதானுங்க்கா இருக்குது. விக்கலை.