மகள் பேரை அடிக்க ஒரு ஓடிபி

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்கிற விஷயம் போன மாதம்தான் எனக்கே தெரிய வந்தது.

சொன்னவர், பாலசமுத்திரம் சச்சிவாலயத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மேடம். சச்சிவாலயம் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆந்திராவில் கிராம அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.

"சார், மீகு பெள்ளி காலேது. சிஸ்டம்ல அன்மேரிட்னு காட்டுது."

பக்கத்தில் என் மனைவி ரேவதி. அவள் மடியில் எங்கள் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்த நேரம் பார்த்துத்தான் அது வீறிட வேண்டுமா?

"அப்போ இது இன்னா மேடம்?" ரேவதி பாப்பாவை அப்படியே தூக்கிக் காட்டினாள்.

மேடம் பாப்பாவைப் பார்த்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். "முத்தாட்டம் இருக்கா... ஆனா சிஸ்டம்ல இல்ல," என்றார்.

நாங்கள் போனது, பிரசவமான தாய்மார்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்காக. தாயின் பேங்க் கணக்கில் நேராகப் போட்டுவிடுவார்கள். புருஷன் கைக்கு வராது — அதுதான் இதில் விசேஷம்.

ரேவதி கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள். ஏழாம் மாதத்தில் வேலையை விட்டாள். அதிலிருந்து ஹேர்பின் வாங்கக்கூட என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும்.

"அந்தக் காசு வந்தா என் மெஷினுக்கு மோட்டாரு வாங்கிடுவேன். பாப்பா தூங்கறப்ப ஜாக்கெட் தைப்பேன். அப்புறம் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன், பாருங்க!"

மாதக் கடைசிக்குள் பதிந்தாக வேண்டும் என்று அங்கன்வாடி டீச்சர் வேறு சொல்லியிருந்தார்.

எனக்கென்ன கவலை? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் பென்ஷன், பட்டா, ஸ்காலர்ஷிப்... எந்த ஃபாரமானாலும் என் கையெழுத்தில்தான் போகும். 'கல்யாணம் ஆன மறுநாளே பொண்டாட்டி பேரைச் சேர்த்துடுங்க' என்று ஊருக்கே புத்தி சொன்னவன். என் கல்யாணத்தில் மட்டும் பாதி வேலையோடு நிறுத்தியிருக்கிறேன். ரேவதியின் ஆதாரை எங்கள் ஊருக்கு மாற்றிய கெட்டிக்காரன், ரேஷன் கார்டை மறந்துவிட்டேன். அவள் பெயர் இன்னும் தமிழ்நாட்டில், பள்ளிப்பட்டில், அவள் அப்பாவின் கார்டில் இருக்கிறது. என் கார்டில் மனைவி இல்லை, அதனால் சிஸ்டத்துக்கு நான் பிரம்மச்சாரி.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? குழந்தை பிறந்ததும் பள்ளிப்பட்டில்தான். அங்கே நர்சம்மாவிடம் கேட்டிருந்தோம். "ஆதாரு ஆந்திராவாச்சே, அங்க போம்மா" என்றார். இங்கே மேடம், "கார்டு தமிழ்நாடு காதா? அங்க பேர நீக்கிக்கினு வாங்க" என்கிறார். நடுவில் நாங்கள். பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் மாநிலம் மாறிவிடும். கார்டு மாற மாட்டேன் என்கிறது.

பள்ளிப்பட்டுக்குப் போனோம். மாமா, அதாவது ரேவதியின் அப்பா, விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, தறி நின்ற பிறகும் அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"இன்னாது? பேர அடிக்கணுமா? அதெல்லாம் முடியாது மாப்ள!"

"ஏன் மாமா?"

"இந்தக் கார்டுல இதுவரிக்கும் ரெண்டு பேர அடிச்சிகீறேன். எங்க நைனா, எங்க அம்மா. ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. உயிரோட கீற பொண்ணு பேர நான் எப்டி அடிப்பேன்?"

உடனே ரேவதி பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துல இவரு கையில புடிச்சிக் குடுத்தியே நைனா, அப்போ இன்னா பண்ண?"

"அது ஐயரு சொன்னாரு, குடுத்தேன். கையெழுத்தா போட்டேன்?"

"என் பேருல வர ரேஷன் சர்க்கரைக்காகத்தான வச்சிக்கினுகீற?"

"ஆமா, உன் சர்க்கரையிலதான் நான் மாடி கட்டிக்கினேன்!"

ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் பேத்திதான் ஜெயித்தாள். தாத்தாவின் விரலைப் பிடித்தவள் விடவேயில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே சட்டை போட்டுக்கொண்டார்.

இ-சேவை மையத்தில் ஒரு பெண் டைப் செய்தாள். மாமா அவள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார். "காரணம் இன்னானு போட்டம்மா?"

"கல்யாணம்னு பெரியவரே."

"காட்டு." அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். தனக்கு எழுத்து தெரியாது என்பது ஞாபகம் வந்து, என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டு முறை.

அடுத்து ஓடிபி. மாமாவின் போனுக்கு வந்தது. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லிக்கீறாங்க."

"இது பேங்க் இல்ல மாமா."

"ஓடிபி ஓடிபிதான மாப்ள?"

நேரம் முடிந்துபோனது. மறுபடி அனுப்பினார்கள். மறுபடி போன் நெஞ்சுக்குப் போனது. க்யூவில் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். ரேவதி அவர் முன்னால் போய் நின்றாள்.

"நைனா, நான் உனக்கு யாரோவா?"

"யாரோவா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேனே..." என்றார் மாமா. தறிச் சத்தமில்லாத குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மூன்றாவது ஓடிபி வந்ததும் போனை மகளிடமே நீட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ரேவதிதான் படித்தாள். ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி...

இத்தனை ஃபாரம் நிரப்பியிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. நான் பிறந்ததிலிருந்து ஒரே கார்டில் இருக்கிறேன். என்னை எங்கிருந்தும் யாரும் அடித்ததில்லை. பெண்ணுக்கோ ஓர் இடத்தில் அடித்தால்தான் இன்னொரு இடத்தில் எழுதுவார்கள். நடுவில் சில நாள், ரேவதி எந்த வீட்டுக் கார்டிலும் இல்லை.

நீக்கல் சான்று வந்தது. சச்சிவாலயத்தில் அவளையும் பாப்பாவையும் சேர்த்தார்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் விண்ணப்பம் ஏறியது. போன வெள்ளிக்கிழமை ரேவதியின் போனில் பேங்க் மெசேஜ் வந்தது. முதல் தவணை. மோட்டாருக்குப் போதும். சனிக்கிழமை அவளே சித்தூர் போய் வாங்கி வந்துவிட்டாள். என்னைக் கூடக் கூப்பிடவில்லை.

நேற்று என் சட்டையில் பட்டன் ஒன்று போய்விட்டது. சட்டையை ரேவதியிடம் நீட்டினேன்.

வாங்கி வைத்துவிட்டு, "பத்து ரூபா. வியாழக்கிழம வாங்க," என்றாள்.