மூன்று ஓட்டையிலும் எரிந்த டெஸ்டர்

1

பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும். எதிரே நின்று பார்த்தால் வலது பக்கம் கரண்ட் வரும் பேஸ், இடது பக்கம் அது திரும்பிப் போகும் நியூட்ரல், மேலே பெரிதாக இருப்பது மண்ணுக்குப் போகும் எர்த். டெஸ்டரை வைத்தால் பேஸில் மட்டும்தான் எரிய வேண்டும். மூன்றிலும் எரிந்ததை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மட்டாஞ்சேரியில், பார்வதி அக்கா வீட்டில், தொண்ணூறுகளின் நடுவில். அங்கே வேலை செய்தவன் வேறு யாருமில்லை, நான்தான்.

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். எங்கள் வீட்டைப் போலவே அவர்களும் தலைமுறைகளுக்கு முன்பே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்; ஊர் வழக்கப்படி நான் அவரை நேரில் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டின் பின்னால் ஓடு போட்ட சாய்ப்பு, எப்போதும் ஈரமான தரை, அதில் ஒரு வெட் கிரைண்டர். கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று கரண்ட் இழுக்கும். மாவு அரைக்கிற எல்லா வீட்டிலும் அப்போது இதற்கு ஒரே வைத்தியம்தான்: குட்டையாகக் கால் பொருத்திய பலாப் பலகை. அதில் ஏறி நின்றுதான் கிரைண்டரில் கை வைப்பார்கள். வேலை முடிந்ததும் துடைத்து ஆணியில் மாட்டி உலர விடுவார்கள். மோட்டாரில் லீக்கேஜ் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பலகைதான் இருக்கிறதே.

இழுப்பு அதிகமானதும் அக்கா எங்கள் கான்ட்ராக்டரிடம் சொன்னார். அவர் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் எர்த்தே இல்லை. பாயிண்டில் எர்த் ஓட்டை இருக்கிறது, உள்ளே வயர் இல்லை. திரும்பி வந்து, எர்த் பைப் இறக்கக் குழி எடுக்க வேண்டும் என்றேன்.

"குழியா? மட்டாஞ்சேரியில ரெண்டடி தோண்டினா தண்ணி வரும். உங்க அப்பனா வந்து இறைப்பான்?" என்றார் கான்ட்ராக்டர். "நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு சாண் வயர் லூப் போடு. நியூட்ரலும் கடைசியில மண்ணுக்குத்தானடா போகுது."

எனக்கு அது தப்பு என்று தெரியும். படித்திருந்தேன். ஆனால் குழி தோண்ட அரை நாள், லூப் போட ஐந்து நிமிடம். போட்டேன். இழுப்பு நின்றுவிட்டது. அக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு முழுக்கையால்.

"இனி இந்தப் பலகையை அடுப்புல வைக்கலாம் சேச்சி," என்றேன். பெரிய ஆள் மாதிரி.

"வைக்கலாம் வைக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் அதை ஆணியிலேயே மாட்டினார்.

2

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அக்காவின் மகள் சுமதி கான்ட்ராக்டர் கடைக்கு என்னைத் தேடி ஓடி வந்தாள். "அம்மா விளிக்குது. டெஸ்டரைக் கொண்டு வரச் சொல்லிச்சு. உன்னையும்."

சாய்ப்பில் அக்கா பலகைமேல் நின்றபடியே இருந்தார். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்.

"கரண்ட் போச்சு. மழை இருட்டுக்கு லைட் போட்டிருந்தேன், அதுவும் அணைஞ்சிடுச்சு. சரி, வரும்போது வரட்டும், மாவை வழிச்சிடலாம்னு கிரைண்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுக் கை வெச்சேன். லேசா இழுத்துச்சு. கரண்டே இல்லாத வீட்டுல எப்படிடா இழுக்கும்?"

"சுமதி தொட்டாளா?"

"வெறுங்காலோட தொட வந்தா. போடீன்னு கத்தினேன். பதறி விலகிட்டா. உடனே உன்கிட்ட அனுப்பினேன்."

நான் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைப் போட்டு, டெஸ்டரை பேஸில் வைத்தேன். எரிந்தது. நியூட்ரலில் எரிந்தது. எர்த்தில் எரிந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைத் திரும்பச் சொருகி, கிரைண்டரின் பாடியில் வைத்தேன். அதிலும் எரிந்தது.

நடந்தது இதுதான். வெளியே கரண்ட் போஸ்டில் நியூட்ரல் வயர் அறுந்துவிட்டது. பேஸ் அப்படியே இருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்த லைட் வழியாகக் கரண்ட் வீட்டு நியூட்ரலுக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், நான் போட்ட ஒரு சாண் வயர் வழியாகக் கிரைண்டர் பாடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிளக் பாயிண்ட் சுவிட்ச் பேஸை மட்டும்தான் நிறுத்தும். எர்த்தை அது தொடுவதே இல்லை. அதனால் ஆஃப் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. லைட் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு சுமதி தொட்டிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள், நானும் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு லைன்மேன் சேட்டனைக் கூட்டி வந்தேன். போஸ்டில் ஏறிப் பார்த்தார். "நியூட்ரல் போயி. உப்புக்காத்து தின்னு தீர்த்துச்சு." இறங்கி வந்து பாயிண்டைக் கழற்றினார். லூப்பைப் பார்த்தார். "யாரு செஞ்ச வேலை?"

"நான்தான் சேட்டா."

"உனக்கு லைசென்ஸ் தந்தவன் கண்ணை மூடிட்டா தந்தான்?"

அக்கா எனக்கும் சேர்த்து எல்லாருக்கும் சாயா போட்டார்.

3

மறுநாள் நானே மண்வெட்டி எடுத்தேன். ரெண்டடியில் தண்ணீர் வந்தது. வரட்டும். எர்த்துக்கு ஈர மண்தான் வேண்டும். மற்ற ஊர்களில் குழிக்கு மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். எங்கள் மண்ணில் உப்பு இனாம். கான்ட்ராக்டர் எதைக் குறையாகச் சொன்னாரோ அதுதான் இந்த ஊரின் வசதி. ஒரே தொல்லை, அந்த உப்பு பைப்பையும் தின்னும். அவ்வப்போது டெஸ்ட் பண்ண வேண்டும், பண்ணுகிறேன். மெயினில், கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் ஈ.எல்.சி.பி. ஒன்றைப் போட்டு, டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மோட்டாரையும் ரீவைண்டிங் செய்யவைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பிறகு நான் லூப் போட்ட மற்ற வீடுகளுக்கும் போனேன். மொத்தம் ஏழு. "நான் தப்பாகப் போட்டுவிட்டேன், சரி பண்ண வந்திருக்கிறேன்" என்று ஏழு வாசலிலும் சொன்னேன். இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் உள்ளே விடவே யோசித்தார்கள். கான்ட்ராக்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நல்லதாகப் போயிற்று. அந்த ஏழு வீடும்தான் எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலைகள். அதற்குப் பிறகு எனக்கு வேலைக்குக் குறைவு வந்ததில்லை.

எர்த் பின் ஏன் நீளமாக இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். அதற்குத்தான். கல்ஃபிலிருந்து வந்த அயர்ன் பாக்ஸின் பிளக்கை வெட்டிவிட்டு, பச்சை வயரை மடக்கி விட்டு, மற்ற இரண்டையும் தீக்குச்சி வைத்து ஓட்டையில் சொருகும் வீடுகளை நான் இன்றும் பார்க்கிறேன். பார்த்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். அந்தப் பச்சை வயருக்கு வருஷம் முழுக்க ஒரு வேலையும் இருக்காது. ஒரே ஒரு நாள் வேலை வரும். அன்றைக்கு அது நேராக மண்ணுக்குப் போயாக வேண்டும். உள்ளே போய்ப் பார்க்காமல் "எர்த் இருக்கு" என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்காதீர்கள். யார் சொன்னாலும்.

எல்லாம் முடிந்த அன்று அக்காவைக் கிரைண்டரைத் தொடச் சொன்னேன். அவர் ஆணியிலிருந்து பலகையை எடுத்தார்.

"இப்ப உண்மையிலேயே அது வேண்டாம் சேச்சி."

"போன தடவையும் இதைத்தானடா சொன்னே," என்றார். ஏறி நின்றார்.

பத்து வருஷம் கழித்து அந்தப் பலகை ஒரு பக்கம் இற்றுப்போனது. கடைத்தெருவில் நல்ல பலாவாகப் பார்த்து, கால் வைத்து, புதிய பலகை செய்து கொடுத்தவன் நான்தான்.