கச்சான் காற்றும் ரெத்தினத்தின் பெயரும்

தண்ணீர் மோட்டரைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருந்த நேரம் தொலைபேசி அடித்தது. கை முழுக்கக் கிரீஸ். என் மகள்தான் எடுத்து என் காதில் வைத்தாள். "சலீம் மாமா, அப்பா போயிட்டார்" என்றாள் ரெத்தினத்தின் மூத்த பிள்ளை. எங்கே போனான் என்று கேட்டேன். அறுபத்தெட்டு வயதாகியும் அப்படிக் கேட்கிற புத்திதான் எனக்கு. காலையில் முகம் கழுவப் போனவன் கிணற்றடியிலேயே சரிந்துவிட்டானாம். மோட்டரை அப்படியே போட்டுவிட்டு, மூதூரிலிருந்து அவன் ஊரான சல்லிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

செத்தவீட்டுப் பந்தலில் துறைமுகத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "காத்துப் பாக்கிறதில ரெத்தினம் அண்ணரை வெல்ல ஏலாது. ஒருக்காத்தான் பிழைச்சது, அதுவும் மலையில" என்றான் மீன்பிடிக்கிற தவம். சுற்றி இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான். தவம் என் பக்கம் திரும்பி, "என்ன சலீம் காக்கா, நீங்களும் சேந்து நனைஞ்சதுதானே?" என்றான். "ஓம்" என்றேன். மலையில் பிழைவிட்டவன் ரெத்தினம் இல்லை. நான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது, எழுதினால் இதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருவரும் சனம் ஏற்றுகிற மூதூர் லோஞ்சில், அந்த மோட்டர்ப் படகில், ஒன்றாக வேலை செய்தவர்கள். அவன் மேலே சுக்கான் பிடிப்பான். நான் கீழே எஞ்சினோடு மாரடிப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் எல்லை பிரித்தாயிற்று. "காத்து எனக்கு, எஞ்சின் உனக்கு. நீ மேல பாத்துக் கதைக்காத, நான் கீழ பாத்துக் கதைக்கமாட்டன்" என்றான். முப்பது வருடம் அந்தச் சொல்லை இருவரும் காப்பாற்றினோம். அவன் "இண்டைக்கு ஏலாது" என்றால் லோஞ்ச் கட்டின இடத்தில் கட்டினபடியே கிடக்கும். கரையில் நின்று சனம் ஏசும், மேலதிகாரி கத்துவார். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஏசுறவன் உயிரோட இருந்து ஏசட்டும்" என்பான்.

ஓய்வுபெற்ற பிறகு அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கச்சான் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன், கச்சான் என்பது மேற்கிலிருந்து எங்கள் பக்கம் வீசும் காய்ந்த காற்று. அது வீசினால் துவைத்த சாரம் அரை மணித்தியாலத்தில் காயும், மழை எட்டியும் பார்க்காது. "முப்பது வருசமா முகத்தில அடிச்ச காத்து மச்சான். அது வாற வாசலை ஒருக்காப் பாக்க வேணாமா?" என்று நச்சரித்தான். எனக்கு முழங்கால் வலி, அதோடு மூச்சிழுப்பு வேறு. ஆனாலும் அவன் வாயை யார் அடைப்பது? இரண்டு வருடத்துக்கு முன், புரட்டாதிக் கடைசியில், மாத்தளைக்குப் போய் ஓரிரவு தங்கி, விடிய எழும்பி மலைக்கணவாய்க்கு நடக்கப் புறப்பட்டோம்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. கடைக்கார அம்மா எங்கள் மழைக்கோட்டுப் பையைப் பார்த்து, "அத எடுத்துக்கிட்டே போங்கய்யா, மேல மழை புடிக்கும்" என்றார். ரெத்தினம் பையைத் தோளில் மாட்டினான். எனக்கு அப்போது என்ன பிடித்ததோ தெரியாது. மேற்கிலிருந்து காற்று காதில் அடித்தது. "கச்சான்டா மச்சான். கச்சானுக்கு எந்த ஊரில மழை வந்தது? இந்தச் சுமை வேணாம், வச்சிட்டு வா" என்றேன். அவன் மேலே பார்த்தான். "இது நம்மட கடல் இல்ல. இந்தக் காத்தை எனக்குத் தெரியாது" என்றான். நான் விடவில்லை. "முப்பது வருசம் நீ சொன்னதை நான் கேட்டனான். ஒரு நாளைக்கு நான் சொல்லுறதை நீ கேளன்." அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பையைக் கடையின் ஆணியில் கொழுவிவிட்டு நடந்தான்.

கணவாயில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிட வெயில். அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காற்றுக்கு முன்னால் போய் நின்றான். அதற்குள் மேற்குப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மூடுபனியாகப் புகார் ஏறி வந்தது, பின்னால் மழை. அப்படி ஒரு மழையை நான் மார்கழியிலும் கண்டதில்லை. ஒரு பாறைக்குக் கீழே ஒதுங்கினோம், அது பாதி உடம்பைத்தான் மறைத்தது. எனக்கு இழுப்புத் தொடங்கியது. அவன் என்னை உள்ளே தள்ளி, தன் துவாயால் என் தலையையும் நெஞ்சையும் சுற்றிவிட்டு, வெளிப்பக்கம் இருந்துகொண்டான். "விளங்குதா மச்சான்? மழையெல்லாத்தையும் இங்க இறக்கிப்போட்டு, வெறுங்கையோடதான் கச்சான் நம்மட பக்கம் வாறது. முப்பது வருசம் தெரியாமப் போச்சே" என்று மழைக்குள் இருந்து சிரித்தான். நான் அவனையே ஏசினேன். இந்த மலைக்கு ஏன் கூட்டி வந்தாய் என்று. இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தோம்.

ஊருக்கு வந்து பதினொரு நாள் அவனுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனபோது அவன் மனைவி பரமேஸ்வரி கட்டிலடியில் நின்று, "மழைக்கோட்டை வச்சிட்டுப் போகச் சொன்ன புத்திசாலி ஆர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "நான்தான். கச்சானுக்கு மழை வராதெண்டு நினைச்சிட்டன்" என்றான். அவர் வெளியே போனதும் ஏன்டா என்று கேட்டேன். "நீ எண்டு சொன்னா இந்த வீட்டில உனக்குத் தேத்தண்ணி கிடைக்காது. என்ர பேர் கொஞ்சம் நனைஞ்சாலும் காஞ்சிடும்" என்றான்.

காயவில்லை. கதை துறைக்குப் போயிற்று. "அண்ணர், இண்டைக்குக் கோட்டு வேணுமா?" என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். போன கார்த்திகையில் ஒரு நாள், "வெளிக்கிடாதீங்கோடா, வாடைக் காத்து திரும்பப் போகுது" என்று சொன்னான். "இது மலைக் காத்தோ, கடல் காத்தோ அண்ணர்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு தவமும் ஆட்களும் போனார்கள். உயிரோடு வந்து சேர்ந்தார்கள். வலை முழுக்கப் போயிற்று. வள்ளங்கள் வரும்வரை ரெத்தினம் கரையிலேயே நின்றான், சாப்பிடவும் போகவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். வெட்கம்தான், வேறென்ன? வயது போன மனிசனுக்கு வெட்கம் இன்னும் மோசமாக வருகிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனபோது பரமேஸ்வரியிடம் சொன்னேன். "தங்கச்சி, அண்டைக்கு மழைக்கோட்டை வைக்கச் சொன்னது நான்." அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை என் கையில் தந்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியும் அண்ணன். காய்ச்சல் விட்ட அண்டைக்கே சொல்லிப்போட்டார். உங்களில கோவமே இல்ல அவருக்கு. நீங்கள் வந்திட்டுப் போற நேரமெல்லாம் நான் கேப்பன், சலீம் அண்ணன் துறையில சொல்லிப்போட்டாராமோ எண்டு. 'இல்ல, நாளைக்குச் சொல்லுவான்' எண்டுவார். சாகிறதுக்கு முதல் நாளும் கேட்டனான்."

"என்ன சொன்னவன்?"

"அதைத்தான் சொன்னவர்."

கலங்கிப்போனேன் என்று எழுதினால் அது சின்னச் சொல். அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அவன் துவாய் இல்லை. இரண்டு வருடமாக நான் வந்துபோன ஒவ்வொரு முறையும் என்னைப் பற்றி அவன் தவறாமல் சொல்லிவந்த அந்த 'நாளைக்குச் சொல்லுவான்' என்ற நல்ல வார்த்தை மட்டும்தான். அதற்கு நான் தகுதி இல்லை, ஆனாலும் அதை விடமாட்டேன். தவம், துறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளே, கேளுங்கள்: ரெத்தினம் காற்றைப் பார்த்து ஒரு நாளும் பிழைவிடவில்லை. என்னைப் பார்த்துத்தான் பிழைவிட்டான்.