அம்மா போன மற்றப் பலேர்மோ

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மா என்னையும் அப்பாவையும் பலேர்மோவில் விட்டுவிட்டு இரண்டு கிழமைக்குப் பலேர்மோவுக்குப் போனார். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான். நாங்கள் இருந்தது இத்தாலியில் உள்ள பலேர்மோ. அர்ஜென்டினாவின் தலைநகரமான புவெனஸ் அயர்ஸில் பலேர்மோ என்றொரு பகுதி இருக்கிறது. அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் தங்கை அங்கேதான் குடியிருந்தார்.

சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த வீட்டுக்கார அம்மா எண்பது வயது தாண்டியவர். லிபெர்த்தா வீதியில் பெரியதொரு மாடிவீட்டில் தனியாக இருந்தார். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அம்மாதான். கலியாணம் முடித்த கையோடு கப்பலேறிப் போய்விட்ட தங்கையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். மிலானில் இருந்த சிஞ்ஞோராவின் மகனுக்கு லீவு இல்லை. அவர் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஓடித் திரிந்தார், கூடப் போனது அம்மா.

என்னைக் கூட்டிப் போகாதது பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மா அதற்கு முன் எங்குமே ஊர் பார்க்கப் போனதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. இலங்கையில், வன்னியிலிருந்து என்னையும் தூக்கிக்கொண்டு வந்ததை யாரும் சுற்றுலா என்று சொல்லமாட்டார்கள். என்னைச் சமாதானப்படுத்த, தினமும் வீடியோவில் அழைத்து அன்று கண்டதையும் தின்றதையும் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அப்பா பல்லரோ சந்தையில் மீன்பெட்டி இறக்கிவிட்டு மதியமே வந்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, அவருடைய உப்புக் கூடிய குழம்பை ஒருமாதிரிச் சாப்பிட்டு முடித்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக் காத்திருப்பேன். நாங்கள் இருவரும் கம்பளிச் சட்டைக்குள் இருக்க, அங்கே அம்மா கோடை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்.

“எம்பனாடாவாம். உள்ளுக்குக் கறி வைச்ச எங்கட பற்றிஸ்தான், உறைப்பு மட்டும் இல்லை,” என்று ஒன்றைப் பிட்டு உள்ளே காட்டினார். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் மாட்டிறைச்சி என்பதால், சீஸும் வெங்காயமும் வைத்ததாகத் தேடித் தேடி வாங்கினாராம். இன்னொரு நாள், பாலைச் சீனியோடு வற்றக் காய்ச்சிய பழுப்பு நிறக் களி. “பால் டொஃபி இறுகிறதுக்கு முன்னம் இருக்குமே, அது.” இரண்டு போத்தல் கொண்டுவரச் சொன்னேன். ஒரே குழலில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்சும் கசப்புத் தேநீரை முதல்நாள் எச்சில் என்று மறுத்தவர், நான்காம் நாள் குழலை வாயில் வைத்தபடியே என்னோடு கதைத்தார்.

சகோதரிகள் இருவரும் பழங்கதை பேசும் நேரத்தில், தங்கையின் பேத்தி அம்மாவை ஊர் சுற்றக் கூட்டிப் போனாள். ஒரு பச்சை விளக்கில் கடந்து முடிக்க முடியாத அகலத் தெருவைப் பார்த்தேன். துறைமுகப் பக்கம் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தகரவீடுகள். “கப்பலுக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற்றாம். இத்தாலியில இருந்து போன சனம்தான் அடிச்சதாம்.” அப்படிக் கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபத்தையும் காட்டினார். வரிசையாகக் கட்டில்கள் இருந்திருக்கின்றன.

“நாங்கள் வந்து இறங்கேக்க இப்பிடி ஒருத்தரும் கட்டில் போட்டு வைக்கேல்லை,” என்று அம்மா சிரித்தார். எனக்குப் பின்னால் நின்ற அப்பா, “ஓம்,” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது கிழமை, புதன்கிழமை, அம்மா சாப்பாடு எதையும் காட்டவில்லை.

“மாமாவின்ர படத்தை ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பு, பிள்ளை. இப்பவே.”

மாமா அம்மாவின் தம்பி. என்னைத் தோளில் வைத்துத் திரிந்தவராம், எனக்கு நினைவில்லை. யுத்தம் முடிந்த நாட்களில் விசாரிக்க என்று ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பத்தொன்பது வயதில் எடுத்த படம் மட்டும் எங்கள் சுவரில் இருந்தது. நான் எடுத்த மூன்று போட்டோவிலும் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சரியாக முகத்தை மறைத்தது. “முகம் தெரியேல்லை,” என்று அம்மா எழுதினார்.

அப்பா கையை இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். சட்டத்தின் ஆணிகளைக் கத்தியால் நெம்பி, படத்தை ஓரத்தில் பிடித்து எடுத்து, யன்னலடியில் என் கொப்பியின் மேல் வைத்தார்.

“கை ஆடாமல் எடு.”

“மாமாவின்ர படம் அங்கை என்னத்துக்கு?”

“கேக்கத்தான். எங்கை எண்டு கேக்கப் போறா.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மாமா அந்த ஊரில் இருக்கிறார், அம்மா கண்டுபிடித்துவிட்டார். அடுத்தநாள் வந்த போட்டோவும் அதை உறுதிப்படுத்தியது. இளஞ்சிவப்பு மாளிகை ஒன்றின் முன்னால் ஒரு சதுக்கம். தலையில் வெள்ளைத் துணி கட்டிய கிழவிகள் நடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், நான் அனுப்பிய மாமாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மா. இத்தனை பேர் தேடும்போது கிடைக்காமல் போவாரா?

அன்று என் மடக்குக் கட்டிலை அலுமாரிப் பக்கம் இழுத்தேன். ஏன் என்று அப்பா கேட்டார்.

“மாமா வந்தால் படுக்க இடம் வேணுமே.”

அவர் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தானும் இழுத்தார்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் சிஞ்ஞோராவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அம்மா வெளியே வந்தார். வெயிலில் முகம் கறுத்து, கொஞ்சம் பூரித்தும் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். கடைசி ஆள் வரும்வரை பார்த்தேன்.

“மாமா எங்கை?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பெட்டிகளைப் பார்த்தார். அம்மா அந்த இடத்திலேயே குந்தி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மாமா அங்கை இல்லையம்மா. வெள்ளைத் துணி கட்டின அந்த அம்மாமாரின்ர பிள்ளையளையும் அங்கத்தை ஆமி அப்பிடித்தான் கொண்டு போனது. எங்கை எண்டு கேட்டு ஒவ்வொரு வியாழனும் சுத்தி நடக்கினம். நானும் ஒருநாள் சேர்ந்து கேட்டனான்.”

“எத்தினை நாளா நடக்கினம்?”

“நாப்பது வருசம் வரும்.”

காரில் சிஞ்ஞோரா அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நான் யன்னல் பக்கம் இருந்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். நாற்பது வருடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். மாமாவைக் கொண்டு போனபோது எனக்கு மூன்று வயது. அப்படியென்றால் அவர் வரும்போது எனக்கு நாற்பத்து மூன்று. அது ஒன்றும் அவ்வளவு தூரமில்லை என்று நினைத்தேன். அம்மாவுக்கும் அதைச் சொன்னேன். அம்மா ஓம் என்றார்.