ஆடு மேயாத மேடு

என் அக்காவின் ஆடுகள் விடும் ஏப்பத்துக்கு என் ஆபீஸில் கணக்கு உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தேன். ஒரு நாட்டிலிருந்து பூமியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு வெளியே போகிறது என்று உலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அனல் மின்நிலையம், சிமெண்ட் ஆலை, லாரி, வயலில் தேங்கும் தண்ணீர், அசைபோடும் மாடு, ஆடு எல்லாம் ஒரே பட்டியலில் வரும். பட்டியலின் எதிர்ப்பக்கம் மரம். மரம் இழுத்து வைத்துக்கொள்வதை மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டல் கழித்தலில் செங்கல்பட்டுப் பக்கத்துக்கான ஒரு சின்னத் துண்டு, சிறுசேரியில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்தது. என் சம்பளம் அந்தத் துண்டிலிருந்துதான்.

நான் கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கம்பெனி வேனில் வண்டலூர் கேளம்பாக்கம் ரோடு வழியாகப் போய்வருகிறேன். எங்கள் குடும்பத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் தள்ளியவர்கள். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவள் திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் காலனியிலேயே இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

அக்கா ஆறு வருஷம் திருவிடந்தைப் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் அறை துடைத்தாள். ஒருநாள் தங்கியிருந்த அம்மாள் ஒருத்தியின் செயினைக் காணோம். வாசல் கேட்டில் எல்லார் பார்க்கவும் அக்காவின் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினாள். அரைமணி நேரம் கழித்து செயின் அந்த அம்மாளின் குளியலறையிலேயே கிடைத்தது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மறுநாளே அக்கா வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டையாடு வாங்கினாள். "இனிமே எவன் முன்னாடியும் பைய கொட்டமாட்டேன்டா," என்றாள். அந்த இரண்டு ஆடும் பெருகிப் பதினொன்றாயின. அந்தப் பதினொரு ஆடும் இருந்தவரை அவள் யார் முன்னாலும் கை கட்டி நிற்கவில்லை.

ஆடுகள் மேய்ந்தது ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். அரசாங்கப் பதிவேட்டில் அதன் பெயர் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊரின் கால்நடைக்கான பொதுநிலம். ஊர் என்றால் அதில் காலனி சேராது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் மாட்டை விற்று டிராக்டரும் டிப்பர் லாரியும் வாங்கிய பிறகு மேடு சும்மா கிடந்தது. எங்கள் பெண்கள் ஆட்டை ஓட்டினார்கள். ஊரில் யாரும் அனுமதி தரவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கென்று எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜீப் சத்தம் கேட்டால் ஆட்டையெல்லாம் கரைக்கு அப்பால் ஓட்டிவிட வேண்டும். யார் வந்து கேட்டாலும் "இங்க யாரும் மேய்க்கிறதில்ல சார்" என்று சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை ஒரு அதிகாரி நல்லவிதமாகப் பேசிப் பேரெல்லாம் எழுதிக்கொண்டு போனார். பிறகு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து காகிதத்தில் பேர் ஏறினால் ஆபத்து என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. படித்து, வேலைக்குப் போய், அடுத்தவர் பேரைக் காகிதத்தில் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட என் ரத்தத்திலும்தான்.

நாடு வாக்குக் கொடுக்கும் விதம் இப்படி. எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் கோட் போட்டவர்கள் கூடி, இந்த வருஷத்துக்குள் இவ்வளவு குறைப்போம், இவ்வளவு மரம் வளர்ப்போம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த வாக்கு தலைநகரத்துக்கு வரும்போது திட்டம். மாநிலத்துக்கு வரும்போது உத்தரவு. மாவட்டத்துக்கு வரும்போது டார்கெட். மின்நிலையத்தை நிறுத்த முடியாது, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை நிறுத்த முடியாது, எங்கள் ஆபீஸில் ஆள் இல்லாத அறையில் ஓடும் ஏ.சி.யைக்கூட நிறுத்த முடியாது. ஆகவே மரம். மரம் நட நிலம் வேண்டும். வாக்கு இறங்கி இறங்கிக் கடைசியில், யார் தலையில் கட்டினால் சத்தம் வராதோ அவர் தலையில் வந்து உட்காரும்.

வெப்பம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மே மாதத்தில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். கடல் கரையைத் தின்றுகொண்டு வருவதைத் திருவிடந்தைக் குப்பத்துக்காரர்கள் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குறைக்கத்தான் வேண்டும். யாரிடமிருந்து குறைக்க ஆரம்பிப்பது என்பதில்தான் என் வயிறு எரிகிறது.

"லேண்ட் தேடுங்க. யாருக்கும் தொந்தரவு இல்லாத லேண்டா இருக்கணும்," என்றார் மேனேஜர். மனசாட்சியோடுதான் சொன்னார். புறம்போக்கு நிலங்களின் பட்டியல் ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து, டேப்லெட்டில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். எனக்கு வந்த பட்டியலில் எங்கள் மேடும் இருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். நான் போனால் நம் சனத்துக்கு நல்லது என்று நினைத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

முந்தின நாள் மத்தியானமே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாளைக்குக் காலைல மேட்டாண்ட ஆட்ட ஓட்டாத."

"ஏன்டா, இன்னா விசயம்?"

"ஜீப் வருது. நானும் வரேன். ஆடு நின்னுதுன்னா பேரெல்லாம் எழுதுவாங்க."

"அப்டியா? சரி வுடு. கரைக்கு அந்தாண்ட ஓட்டிகினு பூடறேன். மத்தவளுங்க கைலயும் சொல்லிடறேன்."

எதற்கு ஜீப் வருகிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஜீப் வந்தால் ஒளிய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் வி.ஏ.ஓ., தலையாரி, மரக்கன்று நடும் துறையிலிருந்து ஒருவர், நான் என நான்கு பேர் மேட்டில் ஏறினோம். ஆடு மட்டுமல்ல, ஆடு வந்த அடையாளமே இல்லை. விடியற்காலையிலேயே பெண்கள் துடைப்பம் எடுத்துப் போய்ப் புழுக்கையையெல்லாம் கூட்டிச் சாக்கில் அள்ளியிருந்தார்கள். மண்ணில் துடைப்பக் கோடு தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது துடைப்பக் கோடு என்று தெரியும். மற்றவர்கள் காற்று என்று நினைத்திருப்பார்கள்.

டேப்லெட்டில் கேள்வி வந்தது: மேய்ச்சல் நடக்கிறதா? ஆம் என்றால் அடுத்த பக்கம் திறக்கும். யார், எத்தனை ஆடு, என்ன ஆவணம் என்று கேட்கும். இல்லை என்றால் அத்தோடு முடிந்தது. வி.ஏ.ஓ. கொட்டாவி விட்டுக்கொண்டே "இல்லன்னு போடுப்பா, அதான் கண்ணுக்குத் தெரியுதே," என்றார். இல்லை என்று அழுத்தினேன். நான்கு திசையிலும் படம் எடுத்தேன். திரும்பி வரும்போது ஜீப்பில் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியமாக அவர்களைக் காப்பாற்றிவிட்டேன் பாருங்கள்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் நடந்தது வேறு. அங்கே பொதுநிலத்தில் நாங்கள் கால் வைத்ததும் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பைக்கில் வந்து ஜீப்பை மறித்தார்கள். "இது எங்க மாடு மேயற எடம். இன்னா எழுதணுமோ எங்க பேரப் போட்டு எழுதிக்கோ," என்று ஒருவர் தன் பேர், தகப்பன் பேர், கைபேசி எண் எல்லாம் சொல்லி எழுதவைத்தார். நான் கண்ணில் பார்த்தது இரண்டே மாடு. என்ன திமிர் என்று அன்று நினைத்தேன். இறுதிப் பட்டியல் வந்தபோது அந்த நிலம் அதில் இல்லை. எங்கள் மேடு முதல் வரியில் இருந்தது. குறிப்பு என்ற இடத்தில் "பயன்பாட்டில் இல்லாத நிலம், எதிர்ப்பு இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியவன் பேர் என்ற இடத்தில் என் பேர்.

உடனே எழுந்தேன். மேனேஜரிடம் போய், "சார், அந்த நிலத்துல ஆடு மேயும் சார்," என்றேன்.

"உங்க போட்டோலயே ஒண்ணுகூட இல்லையேங்க?"

"அன்னைக்கு வரல சார்."

"சரி, யாரு மேய்க்கிறாங்க? பேர் குடுங்க, மாத்திடலாம்."

நியாயமான ஆள். அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எங்க அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவள் என் அக்கா என்றால், அடுத்த கேள்வி உங்க ஊரில் எந்தப் பக்கம் என்பது. நான்கு வருஷமாக அந்தக் கேள்வி என் பக்கம் வராமல் எத்தனை பூசி மெழுகியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். "விசாரிச்சுச் சொல்றேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன். விசாரிக்க என்ன இருக்கிறது? எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது. அப்படியும் நான் திரும்பிப் போகவில்லை.

மழைக்கு முன்னால் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மேட்ட சுத்திக் கம்பி போட்டுகினு கீறாங்கடா. ஒன் ஆபீஸ் வேலையா அது?"

"கன்னு வளர்ற வரைக்கும்தான்க்கா. அப்புறம் தெறந்துடுவாங்க."

"அதுவரிக்கும் ஆடு இன்னாத்த துன்னும்?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் ரோட்டோரம் கயிற்றில் பிடித்து மேய்த்துப் பார்த்திருக்கிறாள். ஒரு சினையாட்டை டிப்பர் லாரி அடித்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கறிக்கடைக்குப் போயின. இதெல்லாம் எனக்கு ஊரிலிருந்து வேறு ஆள் சொல்லித் தெரிந்தது. அதற்குள் நான் அக்காவுக்குப் போன் செய்வதை விட்டிருந்தேன், அவளும் விட்டிருந்தாள். அந்த வருஷத்துக் கால்நடை எண்ணிக்கை வந்தபோது என் கணினிக் கோப்பில் எங்கள் கிராமத்தின் கட்டத்தில் ஆடு குறைந்திருந்தது. குறைந்தால் கட்டம் தானாகவே பச்சையாக மாறும்படி அந்தக் கோப்பை அமைத்தவன் நான்தான். ஒரே நிலத்தில் மரம் கூடியது ஒரு லாபம், ஆடு குறைந்தது இன்னொரு லாபம். மேனேஜர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இந்த வருஷம், எங்கள் மாவட்டம் தன் பங்கை எப்படி நிறைவேற்றுகிறது என்று விளக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். மாமல்லபுரம் போகும் வழியில், கடலைப் பார்த்த ரிசார்ட். நாலைந்து வெளிநாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏ.சி. குளிருக்குச் சால்வை கொடுத்தார்கள். பூமி சூடாவதைப் பற்றிச் சால்வை போர்த்திக்கொண்டு பேசினோம். என் முறை வந்தபோது எங்கள் மேட்டின் படத்தைத் திரையில் போட்டேன். முன்பு வெறும் நிலம், இப்போது கன்றுகள். பாதி கன்று காய்ந்துபோனது படத்தில் தெரியாத கோணத்தில் எடுத்திருந்தேன். கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்போது பின்சுவர் ஓரம் நீலச் சீருடையில் ஒரு பெண் காபிக் கப்புகளை அடுக்கிய தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து நின்றாள். அக்கா. அவள் பழைய ரிசார்ட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். இதுதான் அந்த ரிசார்ட் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடைவேளையில் ஒவ்வொரு மேசையாகக் கப்பு எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து என் கப்பை எடுத்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அந்த போட்டோல ஒரு புழுக்ககூடத் தெரியலடா. நல்லாத்தான் பெருக்கிகீறேன்."

பக்கத்தில் இருந்த மேனேஜர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "தெரிஞ்சவங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "இல்ல சார். கப்பு எடுக்க வந்தேன்."

அன்று ஜீப்புக்குப் பயந்து ஆட்டை ஓட்டியதுபோல் இன்று தன்னையே ஓட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் எங்கள் வேன் கிளம்பியது. கேட்டில் தடுப்புக் கம்பியைத் தூக்குவதற்குக் கொஞ்சம் தாமதமானது. பக்கத்துச் சின்ன வாசலில் வேலை முடிந்து போகும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். காவல்காரர் மேசை போட்டு ஒவ்வொரு பையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். அக்காவின் முறை வந்தது. அவர் கேட்பதற்கு முன்னாலேயே பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு டிபன் டப்பா, ஒரு சீப்பு, மடித்த சேலை. நிமிர்ந்தபோது வேனுக்குள் என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தடுப்பு மேலே போகும்வரை நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.