முதலாண்டுப் பிள்ளைகள் எடுத்து வந்த தண்ணீர்

கயல், போன வாரம் நீ ஃப்ரிட்ஜில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தாயே, அன்றைக்கு உன் அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. "ஊரு வீட்டுப் போர்த் தண்ணியெல்லாம் சோறு வைக்கிற எடத்துலயா?" என்றாள். நீ, "முதல் வருஷத்துலயே என்னை ஆராய்ச்சியில சேத்திருக்காங்கம்மா" என்று சிரித்தாய். பாட்டில்களில் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதியிருந்தாய். அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று கேட்டாய். எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன். உன் தம்பியும் படிக்கட்டும்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பு நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். பிளஸ் டூ படிப்புதான். வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதைக் கழற்ற மனசில்லாமல் டீக்கடைக்கும் போட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு பெரியவர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டார். நானும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. கடல் உப்பு நிலத்துக்கடியில் எதுவரை ஏறியிருக்கிறது என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் போர்த் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய வகுப்பு மாணவர்கள் செய்கிற வேலை. எங்கள் பேராசிரியர் மட்டும், "முதலாண்டுப் பிள்ளைங்களை அனுப்புங்க. அதுங்களுக்குத்தான் இன்னும் கேள்வி கேக்கத் தோணும்" என்றார். வேனில் அழைத்துப் போவதும், பாட்டில்களில் மார்க்கரால் நம்பர் எழுதுவதும் என் பொறுப்பு.

நான் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "பொம்பளைங்க இருக்கிற வீடு. கொல்லைப்பக்கம் மோட்டாருகிட்ட போயி நிக்காதீங்க. வாசல்ல நின்னு பாட்டிலக் குடுங்க, புடிச்சுக் குடுப்பாங்க. மரியாதையா வாங்கிட்டு வாங்க." அப்படியே செய்தார்கள். ஒரு புகாரும் வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் நம்பர் வீடு செல்வராசு அண்ணனுடையது. நிலம் குத்தகை. அந்த வருடம் ஆற்றில் விட்ட தண்ணீர் கடைமடையான அந்த ஊருக்கு அதுவரை வந்து சேரவில்லை. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வேனல்ல போர்த் தண்ணி கொஞ்சம் கரிச்சுது. இதுல நாத்து விடலாமான்னு மிஷின்ல பாத்துச் சொல்லுங்க. வெத நெல்லு இருக்கிறது இந்த ஒரு மூட்டைதான்."

பார்த்தோம். உப்பு அளவு நம்பர் அருமையாக வந்தது. பேராசிரியர் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்காமல் நானே போன் போட்டேன். "தண்ணி தேங்காத் தண்ணி மாதிரி இருக்குண்ணே, தைரியமா விடுங்க." என் வாழ்க்கையில் நான் அறிவித்த ஒரே ஆராய்ச்சி முடிவு அது.

அந்த முதலாண்டுப் பிள்ளைகளில் சாகிரா என்று ஒரு பெண். நாகப்பட்டினத்துப் பக்கம், அப்பா துபாயில். அதிகம் பேசாது. மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரே நம்பர் வருது."

"ஒரே தெரு, ஒரே தண்ணி. வேற எப்படி வரும்?"

"எங்க தெருவுல வீட்டுக்கு வீடு வேறயா இருக்குமேண்ணே. எங்க போர்த் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சிடும், அடுத்த வீட்டுல திரியாது."

பக்கத்தில் நின்ற பையன், "இவளுக்கு இப்பவே டாக்டர் பட்டம் வேணுமாம்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மோட்டாரைப் போட்டு நாமே பிடித்துப் பார்ப்போம் என்று அது கெஞ்சியது. வேன் அடுத்த வாரம்தான் என்றேன். பேராசிரியரிடம் சொல்லவில்லை. அழகாக வந்திருக்கிற நம்பரைக் கலைக்க யாருக்கு மனசு வரும்?

அடுத்த வாரம் செல்வராசு அண்ணன் வீட்டில் போய் இறங்கினோம். வாய்க்காலோரம் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் கோலமாவு கொட்டியதுபோல வெளுத்திருந்தது. கட்டியிருந்த மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சாகிரா நேராக மோட்டார் குழாயில் பாட்டிலைப் பிடித்தது. உப்பளக்கும் கருவியை அதில் விட்டது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டது. பிறகு என்னைப் பார்த்தது. நம்பரை என் பக்கம் திருப்பிக் காட்டியது.

செல்வராசு அண்ணன் சம்சாரம் வள்ளியக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு இந்தத் தண்ணியையா புடிச்சுக் குடுத்தீங்க?"

"இதையா? நல்லாருக்கே!" என்று சிரித்தார். "காலேஜுக்குப் போற தண்ணி, உப்பையா குடுத்து விடுவாங்க? தெருக்கொழாயில புடிச்சு வச்சிருந்ததக் குடுத்தேன். போட்டோ எடுக்க வந்தா நல்ல சேலையக் கட்டிக்கிட மாட்டமா? எல்லா வீட்டுலயும் அப்படித்தான் குடுத்தோம்."

மண்வெட்டியோடு என் பின்னால் வந்து நின்றவரை வள்ளியக்கா அப்போதுதான் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலு நாளா இதத்தானடி பாய்ச்சுறேன்" என்றார் செல்வராசு அண்ணன்.

"புள்ளைங்க பாடத்துக்குன்னு நெனச்சேங்க" என்றார் வள்ளியக்கா, ரொம்ப மெதுவாக.

நாற்றங்காலுக்குப் போனோம். பல இடத்தில் முளையே கிளம்பவில்லை. கிளம்பியதும் நெருப்பில் காட்டியதுபோல நுனி கருகிக் கிடந்தது. செல்வராசு அண்ணன் என்னைத் திட்டவில்லை. குனிந்து ஒரு முளையைப் பிடுங்கினார், விரலில் உருட்டினார், கீழே போட்டார். திட்டியிருந்தால் அந்த நாள் இத்தனை வருடம் என்னோடு வந்திருக்காது. தன் நாக்கு சொன்னதை நம்பாமல் என் வெள்ளைக் கோட்டை நம்பிய மனிதர்.

எல்லா வீட்டிலும் மறுபடி எடுத்தோம். சாகிராவின் நம்பர்படி உப்பு அந்தத் தெருவைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. ஆற்றுத் தண்ணீர் பிறகு வந்தது, விதைதான் இல்லை. செல்வராசு அண்ணன் குத்தகையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நீ தண்ணீர் எடுக்கப் போகும்போது அனுமதி கேட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போ, கயல். உன் கையால் பிடி.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற வரை இறால் குட்டை. உப்புத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். நாற்றங்கால் இருந்த இடத்தையாவது பார்க்கலாம் என்று இறங்கி நடந்தேன். வரப்புகளையெல்லாம் வெட்டிக் கரையில் போட்டுவிட்டார்கள். எது யாருடைய நிலம் என்று காட்டச் சொன்னால் இப்போது ஒருவராலும் காட்ட முடியாது.